ஆளைச் சந்தேகிக்க முன் கணக்கைப் பார்ப்போம்

புதிதாக இந்நாட்டுக்கு வந்து குடியேறும் எமது குடும்பங்களுக்கு முதலில் கைகொடுப்பது பெரும்பாலும் பக்கத்துத் தமிழ்க் கடைதான். சம்பளம் வரும்வரை ஒரு மூடை அரிசி, கொஞ்சம் பருப்பு, மீன் ரின், குழந்தைக்குப் பால்மா என்று கடைக்காரர் கொப்பியில் எழுதிவிட்டுத் தந்து விடுவார். ஈஸ்ற்ஹாமிலும் ரூற்றிங்கிலும் வெம்பிளியிலும் இந்தக் கடன் கொப்பியின் தயவில் முதல் சில மாதங்களைக் கடத்திய குடும்பங்கள் எத்தனையோ.

ஆனால் இதே கொப்பிதான் பல மனக்கசப்புகளுக்கும் காரணமாகிறது. "போன மாதமே கட்டிவிட்டோமே" என்கிறது குடும்பம். "கொப்பியில் இல்லையே" என்கிறார் கடைக்காரர். நாலு பேர் நிற்கும் கடையில் கேட்கப்பட்ட ஒரு வார்த்தையால் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் முகம் பார்க்காமல் போகிறவர்கள் உண்டு. இன்னொரு வகைத் துன்பமும் உண்டு. மாதமுடிவில் கணக்கு இடித்தால், கடையில் உதவிக்கு நிற்கும் புதுப்பிள்ளை மேல்தான் முதலில் கண் போகும். ஊரில் இருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளை, தான் எடுக்கவில்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது?

இந்தச் சண்டைகளில் பெரும்பகுதி களவினால் வருவதல்ல, கணக்கினால் வருவது. அதைத் தடுக்க ஒரு சுலபமான வழி கணக்கியலில் இருக்கிறது. அதன் பெயர் கட்டுப்பாட்டுக் கணக்கு. பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்த எவரும் ஒரு மாலைப் பொழுதில் விளங்கிக் கொள்ளலாம்.

தொழிற்சாலையில் நாம் தினமும் செய்வதுதான்

இதை எழுதும் நாங்கள் கணக்காளர்கள் அல்ல. தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை செய்பவர்கள். எங்களில் பலர் க.பொ.த. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். யுத்தம் 2009இல் முடிவதற்கு முந்திய ஆண்டுகளில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்களும் எங்களில் இருக்கிறார்கள். ஆனாலும் கட்டுப்பாட்டுக் கணக்கின் அடிப்படை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அது எங்கள் வேலைத்தலத்திலேயே இருக்கிறது.

பொதி கட்டும் பகுதியில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாள் இருக்கும். தான் எத்தனை பெட்டி கட்டினேன் என்று ஒவ்வொருவரும் அதில் குறிப்பார். பெட்டிகள் போகும் பட்டியின் கடைசியில் ஒரு எண்ணும் கருவி இருக்கும். அது எந்த மேசையின் பெட்டி என்று பார்க்காது, மொத்தத்தை மட்டும் எண்ணும். ஷிப்ற் முடிவில் மேசைத் தாள்களின் கூட்டுத்தொகையும் கருவி காட்டும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ பிழை.

கடையிலும் இதே கதைதான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உள்ள தனித்தனிப் பக்கங்கள் மேசைத் தாள்கள். கட்டுப்பாட்டுக் கணக்கு கடைசியில் உள்ள எண்ணும் கருவி. ஆட்களைப் பார்க்காமல் மாதத்தின் மொத்தங்களை மட்டுமே அது பார்க்கும். இரண்டு வழியாலும் வரும் மீதி ஒன்றாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இல்லாவிட்டால், ஆளைக் கேட்க முன் கணக்கைக் கேட்க வேண்டும்.

வரவும் செலவும்: ஒரு எச்சரிக்கை

பாடத்துக்குள் போகுமுன் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைப் பாடப்புத்தகத்தில் ஆங்கிலத்தின் டெபிற் என்பதை வரவு என்றும் கிரெடிற் என்பதை செலவு என்றும் படித்தோம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் டெபிற் என்பது பற்று, கிரெடிற் என்பது வரவு. அதாவது 'வரவு' என்ற ஒரே சொல் இரண்டு நாட்டுப் புத்தகங்களிலும் நேர் எதிரான பக்கங்களைக் குறிக்கிறது. இணையத்தில் தமிழ்நாட்டுப் பாடத்தைப் பார்த்துப் படிக்கும் எமது பிள்ளைகள் இதில் தடுமாறிப் போகிறார்கள். இக்கட்டுரையில் நாம் இலங்கை வழக்கையே பின்பற்றுகிறோம். வரவு என்றால் இடப்பக்கம், செலவு என்றால் வலப்பக்கம். வீட்டுப் பேச்சில் வரும் 'வரவு செலவு' என்ற பொருளைக் கொஞ்ச நேரம் மறந்து விடுங்கள்.

கடையிடம் கடனுக்குச் சாமான் வாங்கியவர்கள் கடன்பட்டோர். கடைக்குக் கடனுக்குச் சாமான் போட்ட மொத்த வியாபாரிகள் கடன்கொடுத்தோர். முன்னவர் கடைக்குக் காசு தரவேண்டியவர்கள், பின்னவருக்குக் கடை காசு கொடுக்கவேண்டும். இந்த இரண்டையும் மாறி விளங்கிக் கொள்ளாவிட்டால் மிச்சம் எல்லாம் இலகு.

எவ்வெப் புத்தகங்கள் வேண்டும்?

பெரிய செலவொன்றும் இல்லை. நாலு சாதாரணக் கொப்பிகள் போதும்.

முதலாவது, கடன் விற்பனை நாளேடு. கடனுக்குப் போன ஒவ்வொரு சாமானும் அன்றன்றே திகதி, பெயர், தொகை என்று வரிசையாக எழுதப்படும். திரும்பி வந்த சாமானை அதன் பின்பக்கத்தில் எழுதலாம்.

இரண்டாவது, கடன் கொள்வனவு நாளேடு. மொத்த வியாபாரிகள் தந்த பில்கள் இதில் ஏறும்.

மூன்றாவது, காசேடு. கையாலோ வங்கியாலோ வந்த காசும் போன காசும் இதில்.

நாலாவது, பேரேடு. இதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு வியாபாரிக்கும் தனிப்பக்கம்.

எமது பல கடைகளில் நாலாவது மட்டுமே இருக்கிறது. அதுதான் 'கடன் கொப்பி'. நாளேடு இல்லாமல் நேரடியாக ஆளின் பக்கத்தில் எழுதுவதால், ஒரு பதிவு தவறினாலும் அதைக் காட்டிக் கொடுக்க வேறு சாட்சி இல்லை. ஒரு கொப்பி மட்டும் உள்ள கடையில் கொப்பி சொல்வதே வேதம். இரண்டு கொப்பி உள்ள கடையில் ஒன்று மற்றதைக் கேள்வி கேட்கும்.

கடன்பட்டோர் கட்டுப்பாட்டுக் கணக்கு

ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒக்ரோபர் மாதத்துக்கான கணக்கு. எல்லாத் தொகையும் பவுணில்.

வரவுப் பக்கம்
ஒக். 1, தொடக்க மீதி: 1,240
மாதத்தின் கடன் விற்பனை: 3,685
மறுக்கப்பட்ட காசோலை: 90
கூட்டு: 5,015

செலவுப் பக்கம்
கடன்பட்டோரிடம் பெற்ற காசு: 3,210
கொடுத்த கழிவு: 45
உட்திரும்பல்: 70
அறவிடமுடியாக் கடன்: 120
ஒன்றுக்கொன்று கழித்தது: 60
ஒக். 31, இறுதி மீதி: 1,510
கூட்டு: 5,015

இதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொடக்க மீதி என்பது போன மாதமுடிவில் எல்லாருமாகத் தரவேண்டியிருந்த தொகை. கடன் விற்பனை 3,685 என்பது நாளேட்டின் மாதக் கூட்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லாவில் உடனே காசு தந்து வாங்கியவர்களின் விற்பனை இந்தக் கணக்கில் வராது. அவர்கள் கடன்பட்டவர்கள் அல்லவே. புதிதாகப் படிப்பவர்கள் மொத்த விற்பனையையும் இதற்குள் போட்டு மாட்டிக்கொள்வதுண்டு.

மறுக்கப்பட்ட காசோலை என்றால், ஒருவர் தந்த செக் வங்கியில் காசாகாமல் திரும்பியது. அவர் தந்தபோது அவருடைய கடனைக் குறைத்தோம். அது திரும்பியதும் கடன் மறுபடி உயிர்பெறுகிறது. ஆகவே வரவுப் பக்கம் வருகிறது.

செலவுப் பக்கத்தில் உள்ளவை எல்லாம் கடனைக் குறைப்பவை. பெற்ற காசு காசேட்டிலிருந்து வருகிறது. கொடுத்த கழிவு என்பது நேரத்துக்குக் கட்டியவருக்குக் கடைக்காரர் விட்டுக் கொடுத்த தொகை. உட்திரும்பல் என்பது பழுதென்று திருப்பித் தந்த சாமான். அறவிடமுடியாக் கடன் 120 என்பது, வீடு மாறி எங்கு போனார் என்றே தெரியாத ஒருவரின் கடன். இனி வராது என்று கடைக்காரர் தீர்மானித்து எழுதி விட்டார். ஆனால் 'வராமல் போகலாம்' என்ற பயத்தில் முன்கூட்டி ஒதுக்கி வைக்கும் ஐயக்கடன் ஏற்பாடு இந்தக் கணக்கில் வராது. அந்த ஆட்கள் இன்னும் கடன்காரர்தான். பரீட்சையில் மாணவர்களை மடக்குவதற்கென்றே இந்த இரண்டையும், அதாவது காசு விற்பனையையும் ஐயக்கடன் ஏற்பாட்டையும், கேள்விக்குள் நுழைத்து விடுவார்கள்.

கடைசியாக, ஒன்றுக்கொன்று கழித்தது 60. இது எமது சமூகத்தில் அடிக்கடி நடப்பது. வீட்டில் ரோல்ஸும் வடையும் செய்து கடைக்குப் போடும் ஒரு அக்கா, அதே கடையில் அரிசியும் தேங்காயெண்ணெயும் கடனுக்கு எடுக்கிறார். கடை அவருக்குக் கொடுக்க வேண்டும், அவரும் கடைக்குக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் பொதுவான 60 பவுணைக் கழித்து விடுகிறார்கள். காசு கைமாறவே இல்லை. அதனால்தான் இதை எழுத மறந்து விடுவார்கள். மறந்தால் அந்த அக்காவிடம் மறுபடி 60 பவுண் கேட்கப்படும். இது இரண்டு கட்டுப்பாட்டுக் கணக்கிலும் எழுதப்பட வேண்டும்.

54 பவுண் எங்கே?

கணக்குப்படி மீதி 1,510. இப்பொழுது பேரேட்டைத் திறந்து ஒவ்வொரு குடும்பத்தின் மீதியையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுகிறோம். வருவது 1,456. வித்தியாசம் 54.

இந்த இடத்தில்தான் பல கடைகளில் குரல் உயரும். நாம் குரலை உயர்த்தாமல் பென்சிலை எடுப்போம். தேடுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு.

முதலில், 54 என்ற தொகையே எங்காவது நாளேட்டிலோ காசேட்டிலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது ஆளின் பக்கத்துக்கு ஏறாமல் விடுபட்டிருக்கலாம்.

இரண்டாவதாக, வித்தியாசத்தைப் பாதியாக்க வேண்டும். 54இன் பாதி 27. எங்காவது 27 பவுண் பக்கம் மாறி, வரவில் எழுதவேண்டியது செலவில் எழுதப்பட்டிருந்தால் இரட்டிப்பு வித்தியாசம் வரும்.

மூன்றாவதாக, 9ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். 54ஐ 9ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 6 வருகிறது. இலக்கங்கள் இடம்மாறி எழுதப்பட்டால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். 6 என்பது மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தையும் காட்டுகிறது. ஆகவே 82 - 28, 71 - 17, 93 - 39 போன்ற சோடிகளைத் தேட வேண்டும். 9ஆல் வகுபடுவது எல்லாம் இடம்மாற்றம்தான் என்றில்லை. ஆனால் தேட ஆரம்பிக்க நல்ல இடம் அது.

எங்கள் கற்பனைக் கடையில் ஒரு குடும்பத்தின் மீதி 82. அதைத் தாளில் எழுதும்போது 28 என்று எழுதி விட்டார்கள். 82இல் 28 போனால் 54. முடிந்தது விஷயம். களவும் இல்லை, கள்ளனும் இல்லை.

பிழை எந்தப் பக்கம் என்பதையும் பிரித்தறிய வேண்டும். நாளேட்டின் கூட்டல் பிழைத்திருந்தால் கட்டுப்பாட்டுக் கணக்கைத் திருத்த வேண்டும், ஆட்களின் பக்கங்கள் சரி. ஆளின் பக்கத்துக்கு மாற்றும்போது பிழைத்திருந்தால் அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும், கட்டுப்பாட்டுக் கணக்கு சரி. ஒரு பில் நாளேட்டிலேயே பிழையான தொகையில் எழுதப்பட்டிருந்தால் இரண்டையும் திருத்த வேண்டும்.

ஒரு முக்கிய விதி: கட்டுப்பாட்டுக் கணக்கை நாளேடுகளின் மொத்தத்தில் இருந்துதான் தயாரிக்க வேண்டும். ஆட்களின் பக்கங்களைக் கூட்டி அதையே கட்டுப்பாட்டுக் கணக்கில் எழுதினால் எப்போதும் சரியாகத்தான் வரும். மேசைத் தாளைப் பார்த்து எண்ணும் கருவியின் முள்ளைத் திருப்பி வைப்பது போன்ற வேலை அது.

இது காட்டாத பிழைகள்

கட்டுப்பாட்டுக் கணக்கு சரிவந்து விட்டது என்பதற்காக எல்லாம் சரி என்று சத்தியம் செய்ய முடியாது. சில பிழைகள் அதன் கண்ணுக்குத் தப்பும்.

எமது மக்களைப் பொறுத்தவரை இதில் மிக முக்கியமானது ஆள் மாறிய பதிவு. ஒரே பெயரில் எங்களில் எத்தனை பேர்! தகப்பன் பெயரைச் சிலர் முன்னால் போடுகிறார்கள், சிலர் பின்னால் போடுகிறார்கள். கடைக்காரர் கூப்பிடும் வீட்டுப் பெயர் வேறு. ஒருவர் கட்டிய 40 பவுண் அதே பெயருள்ள இன்னொருவரின் பக்கத்தில் ஏறினால் மொத்தம் மாறாது. கட்டுப்பாட்டுக் கணக்கு அழகாகச் சரிவரும். ஆனால் ஒரு குடும்பத்திடம் கட்டிய காசே மறுபடி கேட்கப்படும்.

நாளேட்டில் ஏறாமலே விடுபட்ட பில், நாளேட்டிலேயே பிழையாக எழுதப்பட்ட தொகை, ஒன்றை ஒன்று சமப்படுத்திக் கொண்ட இரண்டு பிழைகள் ஆகியவையும் இப்படித் தப்பும்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, பெயரை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு இலக்கம் கொடுப்பது. மற்றது, மாதமுடிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கணக்குக்கூற்று கொடுப்பது: போன மாத மீதி இவ்வளவு, எடுத்தது இவ்வளவு, கட்டியது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. தன் கணக்கில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்க அந்தக் குடும்பத்தை விடச் சிறந்த ஆள் கிடையாது.

குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. காசு கட்டினால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 'தெரிந்த ஆளிடம் எப்படிக் கேட்பது' என்று கூச்சப்படாதீர்கள். தெரிந்த ஆளோடு உறவு கெடக்கூடாது என்பதற்காகவே கேட்க வேண்டும். பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு வைத்தாலும் போதும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி சாதாரணக் கடனுக்காக வழக்குப் போடப் பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. இடையில் ஒரு பகுதியைக் கட்டினாலோ கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தாலோ அந்த 6 ஆண்டு மறுபடி ஆரம்பிக்கும். ஆகவே பழைய துண்டுகளை அவசரப்பட்டு எறிய வேண்டாம்.

கடன்கொடுத்தோர் கட்டுப்பாட்டுக் கணக்கு

இது கண்ணாடியில் பார்ப்பது போல. பக்கங்கள் மாறும், வழி ஒன்றுதான். கடை கொடுக்கவேண்டிய கடன் செலவுப் பக்கத்தில் வளரும், வரவுப் பக்கத்தில் குறையும். அதே கடை, அதே மாதம்.

செலவுப் பக்கம்
ஒக். 1, தொடக்க மீதி: 4,320
மாதத்தின் கடன் கொள்வனவு: 6,150
கூட்டு: 10,470

வரவுப் பக்கம்
கடன்கொடுத்தோருக்குக் கட்டிய காசு: 5,480
பெற்ற கழிவு: 110
வெளித்திரும்பல்: 180
ஒன்றுக்கொன்று கழித்தது: 60
ஒக். 31, இறுதி மீதி: 4,640
கூட்டு: 10,470

மேலே சொன்ன ரோல்ஸ் அக்காவின் 60 பவுண் இங்கும் வந்திருப்பதைக் கவனியுங்கள். வெளித்திரும்பல் என்பது பழுதான மரக்கறியையோ உடைந்து வந்த போத்தல்களையோ வியாபாரிக்குத் திருப்பி அனுப்பியது.

இந்தக் கணக்கில் நமக்கு ஒரு வசதி உண்டு. மொத்த வியாபாரிகள் மாதா மாதம் தாங்களே கணக்குக்கூற்று அனுப்புவார்கள். அதை எங்கள் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருப்பி அனுப்பிய சாமானுக்கு அவர்கள் கழித்திருக்கிறார்களா, ஒரே பில்லை இரண்டு தரம் போட்டிருக்கிறார்களா என்று உடனே தெரியும். மாதக் கடைசியில் நாங்கள் கட்டிய காசு அவர்களுடைய கூற்றில் ஏறாமல் இருக்கலாம். அது பிழையல்ல, நாள் வித்தியாசம்.

இரண்டு மீதிகளும் சேர்ந்து சொல்லும் கதை

கடைக்கு வரவேண்டியது 1,510. கடை கொடுக்கவேண்டியது 4,640. கல்லாவில் காசு புரள்வதைப் பார்த்து 'நல்லாய்ப் போகுது' என்று நினைக்கும் முதலாளி இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வரவேண்டியது எல்லாம் நாளைக்கே வந்தாலும் இன்னும் 3,130 பவுண் கல்லாவில் இருந்தோ வங்கியில் இருந்தோ வரவேண்டும். கல்லாவில் உள்ள காசில் பெரும்பகுதி வியாபாரியின் காசு என்பது அப்போது விளங்கும். அந்தக் காசை எடுத்துக் காருக்கோ சீட்டுக்கோ கட்டினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கூட்டாகக் கடை போடும் நண்பர்கள் மாதம் ஒரு தரம் இந்த இரண்டு மீதிகளையும் எல்லாப் பங்காளிகளுக்கும் காட்டினால், பங்காளிச் சண்டையில் பாதி வராது.

வரி பற்றிச் சில குறிப்புகள்

வற் வரிக்குப் பதிந்த கடையென்றால் கட்டுப்பாட்டுக் கணக்கில் வரியும் சேர்ந்த முழுத்தொகையே வரும். வாடிக்கையாளர் தரவேண்டியது முழுத்தொகை அல்லவா? அரிசி, மா, மரக்கறி போன்றவற்றுக்கு வரி பூச்சியம். குளிர்பானம், இனிப்பு, கிறிஸ்ப்ஸ் போன்றவற்றுக்கு 20 வீதம். 10 பவுண் விலையுள்ள குளிர்பானப் பெட்டி கடனுக்குப் போனால் கட்டுப்பாட்டுக் கணக்கில் 12, விற்பனைக் கணக்கில் 10, வரிக் கணக்கில் 2.

வரிக்குட்பட்ட விற்பனை 12 மாதத்தில் 90,000 பவுணைத் தாண்டினால் பதிய வேண்டும் என்பது 2024 ஏப்ரலில் இருந்து உள்ள எல்லை. பூச்சிய வரிச் சாமான்களின் விற்பனையும் இந்தத் தொகைக்குள் சேரும் என்பதை மறக்கக் கூடாது. கடன் வராமலே போனால், கட்டவேண்டிய நாளில் இருந்து 6 மாதம் கடந்த பின் அதற்குக் கட்டிய வற் வரியைச் சில நிபந்தனைகளோடு மீளப் பெறலாம். அதற்குக் கணக்கில் அறவிடமுடியாக் கடன் என்று எழுதியிருக்க வேண்டும்.

வற் வரிக்கான புத்தகங்களைப் பொதுவாக 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தனியாள் வியாபாரம் செய்பவர், வரிப்படிவம் அனுப்பவேண்டிய ஜனவரி 31இல் இருந்து 5 ஆண்டாவது வைத்திருக்க வேண்டும்.

யார் தயாரிக்க வேண்டும்?

ஆட்களின் பக்கங்களை எழுதுபவர் ஒருவர், கட்டுப்பாட்டுக் கணக்கைத் தயாரிப்பவர் இன்னொருவர். இதுதான் நல்ல முறை. கடையில் நிற்கும் பிள்ளை கொப்பியை எழுதினால், முதலாளியின் மனைவியோ வளர்ந்த மகளோ மாதமுடிவில் நாளேடுகளைக் கூட்டட்டும். இது அந்தப் பிள்ளையை நம்பாததால் அல்ல. அந்தப் பிள்ளைக்குக் காவலாக. வேறு கை தயாரித்த கணக்கு சரிவரும்போது, யாரும் அவனை விரல் நீட்ட முடியாது. கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களே, உங்கள் முதலாளியிடம் இதை நீங்களாகவே கேளுங்கள். தன்னைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்கும் வேலைக்காரனை எந்த முதலாளியும் மதிப்பார்.

படிக்க விரும்புவோருக்கு

இன்று பல கடைகளில் கணினி வந்து விட்டது. ஒவ்வொரு பில்லையும் பதியப் பதிய, கட்டுப்பாட்டுக் கணக்கைக் கணினியே எழுதிக் கொள்கிறது. அப்படியானால் இதைப் படிப்பதேன் என்று கேட்கலாம். பிழையான ஆளின் பெயரில் பதிந்தால் கணினியும் அதைச் சரியென்றே ஏற்றுக்கொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் கணினி வேலைக்காரன். தெரியாதவருக்கு அது முதலாளி.

இங்கு புத்தகம் எழுதும் வேலைக்கு ஏ.ஏ.ரி. என்ற கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் சங்கத்தின் தகைமைகளைப் பலரும் மதிக்கிறார்கள். அதன் இரண்டாம் மட்டப் படிப்பிலேயே கட்டுப்பாட்டுக் கணக்கு வருகிறது. பல உள்ளூர்க் கல்லூரிகளில் இதைப் படிக்கலாம். அங்கே நீங்கள் கேட்கப்போகும் சொற்களை இப்போதே காதில் போட்டுக் கொள்ளுங்கள். கடன்பட்டோரைப் பழைய புத்தகங்கள் டெப்ரர்ஸ் என்றும் புதியவை றிசீவபிள்ஸ் என்றும் சொல்லும். கடன்கொடுத்தோர் முன்பு கிரெடிற்றர்ஸ், இப்போது பேயபிள்ஸ். கட்டுப்பாட்டுக் கணக்கு கொன்ற்றோல் அக்கவுன்ற். பெயர் எதுவானாலும் நீங்கள் ஊரில் படித்த அதே பாடம்தான். ஆங்கிலம் குறைவென்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வோம். இலக்கங்களுக்கு மொழி கிடையாது.

ஒரு பயிற்சி

வாசித்து முடித்ததும் பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்து பாருங்கள். ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை. போன தவணையில் பெற்றோர் தரவேண்டிய நிலுவை 150 பவுண். இந்தத் தவணை 40 குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 30 பவுண். வந்த காசு 1,080. வேலை இழந்த இரண்டு குடும்பங்களுக்கு விட்டுக்கொடுத்தது 60. புத்தகம் விற்ற வகையில் கையில் வந்த காசு 85. தவணை முடிவில் பெற்றோர் இன்னும் தரவேண்டியது எவ்வளவு?

விடை: 150உடன் 1,200ஐக் கூட்டினால் 1,350. அதில் 1,080உம் 60உம் கழிக்க 210 பவுண். புத்தகம் விற்ற 85 இதில் வராது, அது உடன்காசு. பொருளாளரின் பட்டியலிலும் 210 வந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று துணிந்து வாசிக்கலாம். வராவிட்டால், கூட்டத்துக்கு முதல் நாளே உட்கார்ந்து தேடலாம். இரண்டில் எது நடந்தாலும், சபையில் வைத்து ஒருவருடைய முகம் வாடாது.

கடையானாலும் கோயிலானாலும் பாடசாலையானாலும், இந்த மாதமுடிவில் ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் வலப்பக்கம் என்று கோடு போட்டு ஆரம்பியுங்கள். முதல் மாதம் சரிவராது. இரண்டாம் மாதம் வித்தியாசம் குறையும். மூன்றாம் மாதம் கை தானாகப் பழகி விடும்.